பிளெக்ஸ் ஒட்டாத இடங்கள்

நாகர்கோவிலில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நிறுவனம் கிளையை மூடிவிட்டது. அடுத்த வேலை கிடைக்கும்வரை கையைச் சும்மா வைத்திருக்க வேண்டாமே என்று எடுத்ததுதான் பிரஷ். இப்போது வீட்டு வரவில் முக்கால் பங்கு அதிலிருந்து வருகிறது. பெயர் எழுதுகிறேன், நம்பர் எழுதுகிறேன். சுவர், ஷட்டர், படகு, கல் என்று எதிலும் எழுதுகிறேன். என்ன பழகினேன், என்ன சாமான் வாங்கினேன், எங்கே வேலை கிடைக்கிறது என்று தெரிந்த தம்பிமார் சிலர் கேட்டார்கள். அவர்களுக்கும் இப்போது வேலை இல்லை. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எல்லோரும் முதலில் கேட்பது வேலைவாய்ப்பு அலுவலக உதவித்தொகை பற்றித்தான். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். பதிவு செய்து 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், சுயதொழில் செய்யக் கூடாது, வருமான வரம்பும் உண்டு. தகுதி இருந்தால் வாங்குங்கள், விட வேண்டாம். ஆனால் ஒரு கேஸ் சிலிண்டர்கூட அந்தப் பணத்துக்கு வராது.

படம் வரையத் தெரிந்தவனுக்கு முதலில் தோன்றுவது பென்சில் உருவப்படம். எனக்கும் அதுதான் தோன்றியது. கல்யாணத்துக்கு, பிறந்தநாளுக்கு, இறந்துபோன பாட்டாவின் நினைவுக்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள், வரைந்து கொடுத்தேன். ஒரு முகத்துக்கு ஒரு முழு நாள் போய்விடும். சொந்தக்காரர் வட்டம் முடிந்ததும் ஆர்டரும் முடிந்தது. போட்டோவைப் பென்சில் படமாக மாற்றுவதற்குப் போனிலேயே வழி இருக்கும்போது, வெளியாள் எதற்கு ஆயிரம் ரூபாய் கொடுப்பான்? கை பழகுவதற்கு உருவப்படம் நல்லது. சோற்றுக்கு அது போதாது என்பது என் கட்சி.

அப்புறம் ஒருநாள் திங்கள்சந்தையிலிருந்து குளச்சல் போகும் வழியில் பைக்கை மெதுவாக ஓட்டிக்கொண்டு, கையால் எழுதிய எழுத்து இன்னும் எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்தேன். கணக்கு எழுதியவனுக்கு வேறென்ன தெரியும். கடை முகப்பெல்லாம் பிளெக்ஸும் எல்.இ.டி. எழுத்தும்தான். ஆனால் அதே கடையின் சுருள் ஷட்டரில் கையெழுத்துதான் இருந்தது. தகடு மடிப்பு மடிப்பாக இருப்பதால் அதில் ஸ்டிக்கர் நிற்காது. மீன் வண்டிப் பெட்டியில் கையெழுத்து. குருசடி என்கிற சிலுவைக் கோயிலின் நெற்றியில், பள்ளிக்கூடக் காம்பவுண்டு சுவரில், டெம்போவின் பின்கதவில், கல்லறைக் கல்லில் எல்லாம் கையெழுத்து. குளச்சல் போய்ச் சேர்ந்தால் படகு படகாக, கப்பல் நீளத்துக்குப் பெயர்கள்.

வளைந்தது, மடிந்தது, நனைவது, பத்து வருடம் நிற்க வேண்டியது. இப்படிப்பட்ட இடங்களுக்குப் பிளெக்ஸ் போகாது. பிளெக்ஸோடு விலையில் போட்டி போட என்னால் முடியாது. சதுர அடிக்கு அவர்கள் வாங்கும் பணத்தில் எனக்குப் பெயின்ட் கூட வராது. அது போகாத இடத்துக்கு நான் போகலாம். அந்த நோட்டில் இருந்த பட்டியல்தான் இன்றுவரை என் வாடிக்கையாளர் பட்டியல்.

ஆசான் படித்துத் தந்தது

பக்கத்து ஊரில் வயதான போர்டு ஆர்ட்டிஸ்ட் ஒருவர் இருக்கிறார். கட்சிச் சுவர், சினிமா விளம்பரம், கோயில் கொடை, மாதா திருவிழா எல்லாவற்றுக்கும் ஒரு காலத்தில் அவர் கைதான். ஊருக்கே அவர் ஆசான். போய், "ஆசானே, எழுத்து படிச்சுத் தாருங்க" என்று கேட்டேன்.

"எழுத்து பொறவு படிக்கலாம் மக்களே. மொதல்ல செவருக்க முகத்தக் கழுவப் படி."

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு வேலையில் இறங்கிய பிறகுதான் முழுதாகப் புரிந்தது. எழுதுவதற்கு ஒரு மணி நேரம் என்றால் எழுதும் தளத்தைத் தயார் செய்வதற்கு ஒரு நாள். எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே இருக்கும் தளம் உரிந்தால் எழுத்தும் சேர்ந்து உரிந்து விழும். வாடிக்கையாளர் அன்றைக்குப் பார்ப்பது எழுத்தை. அடுத்த வருடம் அவர் திரும்பக் கூப்பிடுவாரா என்பதைத் தீர்மானிப்பது தளம். அதை அப்புறம் விரிவாகச் சொல்கிறேன்.

எழுத்துப் பயிற்சிக்கு ஆசான் கொடுத்தது பழைய செய்தித்தாள். தாளைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் பத்திகளுக்கு நடுவில் இருக்கும் வெள்ளைக் கோடுகள் கோடு போட்ட நோட்டு மாதிரி அமைந்துவிடும். விலை மலிந்த போஸ்டர் கலரும் ஒரு தட்டைப் பிரஷும் போதும். ஆரம்பத்தில் எழுத்தே கிடையாது. மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு, இடமிருந்து வலமாக ஒரு இழுப்பு, இடது அரைவட்டம், வலது அரைவட்டம், சுழி. நாள்முழுக்க இதுதான். சலிப்பாக இருக்கும். ஆனால் தமிழில் இந்த ஐந்தையும் சேர்த்தால் ஏறக்குறைய எல்லா எழுத்தும் வந்துவிடும்.

எழுத்து வரிசையை ஆசான் அகர வரிசையில் சொல்லித் தரவில்லை. முதலில் 'ட', 'ப', 'ம'. நேர்கோடு நிறைய உள்ளவை. அப்புறம் 'ர', 'ந', 'த'. அப்புறம் சுழி உள்ள 'ன', 'ண'. கடைசியில் 'ஞ', 'ழ', 'ஜ', 'ஐ'. 'ண'வில் சுழிகள் ஒரே அளவில் வருவதற்குத்தான் ரொம்ப நாள் பிடிக்கும். சுழியைப் போடும்போது மணிக்கட்டைத் திருப்பக் கூடாது. பிரஷின் காம்பைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்ட வேண்டும். கை நேராகவே போகும், பிரஷ் தானாகச் சுழலும். இது கைவந்தால் பாதி வேலை முடிந்தது.

காகிதத்தில் கோடு நேராக வந்ததும் பழைய ஜன்னல் கண்ணாடிக்கு மாறினேன். எனாமல் பெயின்டில் எழுதிப் பார்த்துவிட்டு, காய்வதற்குள் டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்துவிடலாம். ஒரே கண்ணாடி மாதக்கணக்கில் போதும். காகிதத்தில் போஸ்டர் கலர் ஓடும் ஓட்டம் வேறு, எனாமல் ஓடும் ஓட்டம் வேறு. எனாமல் கெட்டியாக இருந்தால் பிரஷை இழுக்கும், தண்ணீராக இருந்தால் வழியும். அந்த நடுப்பதத்தைக் கண்ணாடிதான் காட்டிக் கொடுக்கும்.

இடைவெளிக்கு ஸ்கேல் வைக்கக் கூடாது என்பது ஆசானின் இன்னொரு பாடம். 'ர'வும் 'ா'வும் ஒடுங்கியவை, 'ண'வும் 'ஐ'யும் அகன்றவை. சம அளவு இடம் விட்டால் பெயர் உடைந்து தெரியும். "ரெண்டு எழுத்துக்கு நடுவுல தண்ணி ஊத்துனா எல்லா எடத்துலயும் ஒரே அளவு கொள்ளணும்" என்பார். இன்றைக்கும் சுவரில் எழுத்தை அளவிடும்போது மனதுக்குள் தண்ணீர் ஊற்றித்தான் பார்க்கிறேன்.

தூரக் கணக்கு ஒன்று உண்டு. 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்று போர்டு எழுதுபவர்கள் சொல்வார்கள். அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு. தமிழில் சுழிகளும் உள்வளைவுகளும் தூரத்தில் அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். அதனால் நான் ஒன்றரை மடங்கு வைக்கிறேன். புள்ளியையும் கவனிக்க வேண்டும். கோட்டின் தடிமனைவிடப் புள்ளி சின்னதாக இருந்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அது தெரியவே தெரியாது.

பழைய எழுத்துகள்தான் நல்ல பாடப்புத்தகம். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் பழைய கட்டடங்களில் மலையாள எழுத்து பொறித்த கற்களையும் பார்க்கலாம். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய பலகைகளில் 'லை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கையோடு மேலே வளைந்திருக்கும். பழைய கடைக்காரர் சிலர் அந்த 'லை'யை அப்படியே வைத்துத் திரும்ப எழுதித் தரச் சொல்வார்கள். அதற்குக் கூடுதல் பணம் கேட்கலாம், கொடுப்பார்கள்.

சாமான்

கோட்டார் கம்போளத்தில், அதாவது சந்தையில், எல்லாம் கிடைக்கும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம் என ஐந்து எனாமல் டப்பா, சின்ன அளவில். மற்ற நிறங்களைக் கலந்துகொள்ளலாம். டர்பன்டைன் ஒரு லிட்டர். உப்புத்தாள் 120, வாட்டர் பேப்பர் 220, 400. ஸ்கிராப்பர். நூல் அடித்து நேர்கோடு பதிக்க ஒரு நூலுருண்டையும் சாக்பீஸ் பொடியும். கையைத் தாங்க நுனியில் துணி சுற்றிய மூன்றடிக் கம்பு. ஈரப் பெயின்டில் கை படாமல் எழுத இது இல்லாமல் முடியாது. எல்லாம் சேர்ந்து 2,500 ரூபாய்க்குள் முடியும்.

பிரஷில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பழைய ஆர்ட்டிஸ்டுகள் கீரி முடி பிரஷைப் பற்றிப் புகழ்ந்து பேசுவார்கள். யாராவது கொண்டுவந்து விற்றாலும் வாங்காதீர்கள். கீரி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது; அந்த முடியில் செய்த பிரஷை விற்பதும் வாங்குவதும் குற்றம். செயற்கை முடியிலேயே இப்போது நல்ல தட்டைப் பிரஷ் வருகிறது. கால் அங்குலம், அரை அங்குலம், ஒரு அங்குலம், நுனி மெலிந்த ஒரு உருண்டைப் பிரஷ். வேலை முடிந்ததும் டர்பன்டைனில் கழுவி, முடியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, தட்டையாக நீவி வைப்பேன். தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகாது. ஆளிவிதை எண்ணெய் தடவினால் இறுகிப் பிரஷ் பாழாகிவிடும். மறுநாள் எழுதுவதற்கு முன் எண்ணெயை டர்பன்டைனில் சுத்தமாக எடுத்துவிட வேண்டும்.

சுவரும் ஷட்டரும்

நம்ம ஊர்ச் சுவருக்கு இரண்டு எதிரி. ஒன்று பாசி. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது. வடக்குப் பார்த்த சுவரில் பாசி வருடம் முழுக்க உயிரோடு இருக்கும். அதைச் சுரண்டினால் மட்டும் போகாது. பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்து, கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் பெயின்டுக்கு அடியிலேயே திரும்ப முளைக்கும்.

இரண்டாவது எதிரி புதுச் சிமென்ட். புதிதாகக் கட்டிய காம்பவுண்டில் பூச்சு முடிந்த சூட்டோடு ஸ்கூல் பெயரை எழுதக் கூப்பிடுவார்கள். புதுப் பூச்சில் காரம் இருக்கும். எனாமலில் உள்ள எண்ணெயை அந்தக் காரம் சோப்பு மாதிரி ஆக்கிவிடும். பெயின்ட் பிசுபிசுத்து உரியும். இதைச் சொல்லி, இரண்டு மூன்று மாதம் ஆகட்டும் என்று நாள் கேட்கலாம். அவசரம் என்றால் எனாமலை விட்டு, வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷனில் எழுதுவேன். அதன் பளபளப்பு குறைவு, ஆனால் காரத்தைத் தாங்கும்.

ஷட்டர்தான் தொடங்குபவர்களுக்கு ஏற்ற வேலை. தகடு கையெட்டும் உயரத்தில் இருக்கும், சாரம் கட்ட வேண்டாம். கிரீஸும் தூசியும்தான் பிரச்சினை. சோப்புத்தூள் போட்டுக் கழுவி, துருப் பிடித்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, மெட்டல் பிரைமர் அடித்து, மறுநாள் எழுத வேண்டும். மடிப்பின் குழிக்குள் பெயின்ட் போகாது. முதலில் குழியில் பிரஷ் நுனியால் குத்திக் குத்தி நிரப்பிவிட்டு அப்புறம் எழுத்தை மேலே இழுத்தால் கோடு அறுபடாது. ஷட்டரைத் தூக்கினால் எழுத்து உள்ளே சுருளும் என்பதால் முழுதும் காய்ந்த பிறகே கடை திறக்கலாம். இதைக் கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை இரவு கடை அடைத்ததும் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காயவிடுவது எனக்குத் தோதாக இருக்கிறது.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. எல்லோருக்கும் சிவப்புதான் பிடிக்கும். ஆனால் நம்ம வெயிலில் முதலில் வெளுப்பதும் அதுதான். எழுத்தின் உடம்பைக் கறுப்பிலோ நீலத்திலோ எழுதி, ஓரத்துக்கு மட்டும் சிவப்பு வைத்தால், சிவப்பு போனாலும் பெயர் நிற்கும்.

படகு

இந்தத் தொழிலில் காசு உள்ள இடம் இதுதான். தொல்லை உள்ள இடமும் இதுதான்.

விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குமரி மாவட்டத்துக்குள்ளேயே இரண்டும் வருகிறது: சின்னமுட்டம் கிழக்குக் கணக்கு, முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் மேற்குக் கணக்கு. படகு கரையேறுவதும், பழுது பார்ப்பதும், பெயின்ட் அடிப்பதும் தடைக்காலத்தில்தான். ஆகவே ஏப்ரல் பாதியில் சின்னமுட்டத்தில் தொடங்கி ஜூலை முடிய மேற்கே போய்க்கொண்டே இருந்தால் ஒரே மாவட்டத்தில் மூன்றரை மாத வேலை. வேறு எந்த மாவட்டத்துக்காரருக்கும் இந்த வசதி கிடையாது என்று நினைக்கிறேன்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சின்னமுட்டம் சீசன் கோடையில் வருகிறது. இடையில் ஒரு கோடை மழை வந்தாலும் மறுநாள் காய்ந்துவிடும். குளச்சல் சீசன் அப்படியே பருவமழைக்குள் விழுகிறது. ஈரக் காற்றில் எனாமல் காயாது, காய்ந்தாலும் மங்கிப்போகும். மேற்கே வேலை பார்க்கும்போது என் நேரம் இது: காலையில் பனியீரம் போன பிறகு ஆரம்பித்து, மூன்று மணிக்கு முன் பிரஷைக் கீழே வைத்துவிடுவேன். சாயங்கால ஈரம் இறங்குவதற்குள் மேல்தோல் கட்டிவிட வேண்டும். தார்ப்பாயைத் தாழ்வாகக் கட்டினால் உள்ளே புழுக்கம் சேர்ந்து இன்னும் மோசம். நல்ல உயரத்தில், இரண்டு பக்கமும் காற்றுப் போகும்படி கட்ட வேண்டும். காற்று அடித்தால் மணல் வந்து ஒட்டும். அதற்கு ஒரு பக்கம் மட்டும் பழைய வலையை இரண்டு மடிப்பாகத் தொங்கவிடுவது அங்கிருந்த படகுக்காரர் ஒருவர் சொல்லிக் கொடுத்த வழி.

தளம் தயார் செய்வதில் படகுக்குத்தான் அதிக வேலை. முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உப்பு ஒட்டியிருக்கும். பெயின்டுக்கு அடியில் உப்பு இருந்தால் அது ஈரத்தை இழுத்துக் கொப்பளம் போடும். நாக்கில் தொட்டுப் பார்த்து உப்புக் கரிக்கிறதா என்று சோதிப்பார் ஆசான். நான் அந்த வேலைக்குப் போகவில்லை, இரண்டு தடவை கழுவிவிடுகிறேன்.

மரப் படகில் பழைய பெயின்டைச் சுரண்டும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பழைய அடுக்குகளில் என்ன இருக்கும் என்று யாருக்கும் உறுதி கிடையாது. உலர்வாகத் தேய்க்காமல் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. தேய்த்து முடித்த கையோடு சாப்பிட உட்காராதீர்கள்.

ஃபைபர் படகு வேறு கதை. புது ஃபைபரின் மேல்தோல் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும், அச்சிலிருந்து கழற்றப் பூசிய மெழுகும் அதில் மிச்சமிருக்கும். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு நின்றால் மெழுகு இருக்கிறது என்று அர்த்தம். தின்னர் தொட்ட துணியால் துடைத்து, துணியை மாற்றி மாற்றித் திரும்பத் துடைத்து, 220 வாட்டர் பேப்பரால் பளபளப்பு போகும்வரை தேய்த்தால்தான் பெயின்ட் பிடிக்கும். தேய்த்த பிறகு துடைத்தால் போதும் என்று சிலர் செய்வார்கள்; முதலில் தேய்த்தால் மெழுகு கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பணம் கொடுக்கத் தயாராக இருப்பவருக்கு ஹார்டனர் கலக்கும் இரண்டு டப்பா பெயின்டில் எழுதுகிறேன். அது எனாமலைவிட நெடுநாள் நிற்கும். ஆனால் கலந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது. துணி கட்டினால் போதாது, ரசாயனப் புகைக்கான வடிகட்டி உள்ள முகமூடியே வேண்டும்.

இனி எழுத்து. படகு முட்டுக் கொடுத்துக் கரையில் சாய்ந்து நிற்கும், ஆகவே ரசமட்டம் உதவாது. படகின் மேல்விளிம்பு எப்படி வளைகிறதோ அதற்கு ஒத்தே கோடு போக வேண்டும். நேர்கோடு அடித்து எழுதினால் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், எழுத்து கீழே விழுவதுபோலத் தெரியும். மேல்விளிம்பிலிருந்து ஒரே அளவில் ஒரு முழம், ஒரு முழமாகப் புள்ளி வைத்து, வளையும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை அந்தப் புள்ளிகளில் பிடித்துக் கோடு போடுகிறேன். அணியத்தில் பலகை உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் கீழே நின்று பார்ப்பவருக்கு எழுத்தின் அடிப்பாகம் குறுகித் தெரியும். அடியைக் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டும். பத்தடி தள்ளி நின்று பார்க்காமல் அவுட்லைனைப் பெயின்டில் போடாதீர்கள்.

இடது பக்கத்தில் பெயரின் முதல் எழுத்து அணியத்தை ஒட்டி வரும். வலது பக்கத்தில் கடைசி எழுத்துதான் அணியத்தை ஒட்டி வரும். அதனால் வலது பக்கத்தில் சாக்பீஸில் குறிக்கும்போது கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அளந்து வர வேண்டும். 'ஆரோக்கிய மாதா' போன்ற பெயரில் இடம் பற்றாமல் போனால் கடைசி 'தா' நசுங்கிவிடும், மாதாவின் பெயர் நசுங்கினால் முதலாளிக்கு வருத்தமாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வர, ஒரு பக்கத்தை முழுத் தாளில் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் குத்தி, துணியில் கட்டிய கரிப்பொடியால் தட்டிப் பதிக்கிறேன். சிலுவை, நங்கூரம், மீன் போன்ற படங்களுக்கும் இதே தாளை அடுத்த படகில் பயன்படுத்தலாம். காசு மிச்சம், நேரமும் மிச்சம்.

பெயரைவிட முக்கியமானது பதிவு எண். குமரி மாவட்டப் படகுகளின் எண்ணில் டி.என். 15 என்று வரும். பழைய எண் மங்கியிருந்தால் அதைப் பார்த்து எழுதவே கூடாது. 3 எது 8 எது என்று தெரியாது. பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, எழுதி முடித்ததும் முதலாளியை ஒவ்வொரு இலக்கமாக வாசிக்கச் சொல்வேன். இதில் வளைவு, நிழல், அலங்காரம் எதுவும் வேண்டாம். ஒரு முதலாளி சொன்னார்: "பேருக்கு நீ எந்தக் கோலமும் போடு மக்கா. நம்பரு மட்டும் கடல்ல வச்சுத் தூரத்துலயிருந்து தெரியணும்."

கல்

மழை மாதங்களில் வெளி வேலை குறையும். அப்போது கைகொடுப்பது மயிலாடிப் பக்கத்துக் கல் வேலை. சிலைக்குப் பேர்போன ஊர் அது. அடிக்கல், திறப்பு விழாக் கல், கல்லறைக் கல் எல்லாம் கூரைக்கு அடியில் செதுக்குகிறார்கள். இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டரில் எழுத்து வெட்டி ஸ்டிக்கர் ஒட்டி மணல் பாய்ச்சுகிறார்கள். ஆனாலும் செதுக்கிய குழிக்குள் பெயின்ட் நிரப்புவது கை வேலைதான். அதிலும் பழைய கல்லறையில் ஏற்கெனவே பதிந்து கிடக்கும் கல்லுக்குத் திரும்ப நிறம் கொடுக்க எந்த மெஷினும் வராது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரங்களில் இந்த வேலை நிறைய வரும். குழியைப் பழைய டூத்பிரஷால் சுத்தம் செய்து, உருண்டைப் பிரஷால் நிரப்பி, மேலே வழிந்ததைக் காய்வதற்குள் தட்டையான கட்டையில் சுற்றிய துணியால் ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும். மெத்தென்ற துணியால் துடைத்தால் குழிக்குள்ளிருக்கும் பெயின்டும் வந்துவிடும்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்திரை வரைவது, ஸ்டார் செய்வது எல்லாம் உண்டு. பிள்ளைகள் போட்டி போட்டுச் செய்வதால் அதில் பெரிய காசு இல்லை. கைச்செலவுக்கு ஆகும்.

காசுக் கணக்கு

நான் சதுர அடிக்கு விலை சொல்வதில்லை. அப்படிச் சொன்ன உடனே பிளெக்ஸ் விலையோடு ஒப்பிடத் தொடங்கிவிடுவார்கள். தளம் தயார் செய்யக் கூலி தனி, பெயின்ட் தனி, எழுத்து தனி என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறேன். ஷட்டருக்கு 1,200 முதல் 1,800 வரை. படகுக்கு இரண்டு பக்கமும் பெயரும் எண்ணும் என்றால் எனாமலில் 2,500, இரண்டு டப்பா பெயின்டில் 4,000க்கு மேல். கல்லறைக் கல்லுக்கு எழுத்துக் கணக்கு. ஆசான் வாங்குவதைவிட எதிலும் குறைத்து வாங்குவதில்லை. புதிதாக வருபவன் விலையை இறக்கினால் அடுத்த வருடம் அந்த இறங்கிய விலைதான் எல்லோருக்கும் நிற்கும். அதைக் குறைந்த கூலிக்கு வந்து நிற்கும் அடுத்தவன் இன்னும் இறக்குவான்.

தடைக்காலத்தில் படகுக்காரர்கள் கையிலும் காசு இருக்காது. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அதில் யாரும் படகுக்குப் பெயர் எழுத மாட்டார்கள். பெயின்ட் காசை மட்டும் முன்பணமாக வாங்கிக்கொள்கிறேன், கூலியைப் படகு கடலுக்குப் போய்வந்த பிறகு வாங்குகிறேன். இதுவரை பாக்கி பெரிதாக நின்றதில்லை. ஆனால் அந்த இரண்டு மாதத்தையும் தாண்ட வேறு பணம் கையில் வேண்டும். அதற்காகத்தான் பிப்ரவரி, மார்ச்சில் ஷட்டரும் ஸ்கூல் சுவரும் விடாமல் தேடிப் போகிறேன். வரவை மாதவாரியாகப் பார்த்தால் படகுக் கூலி கைக்கு வரும் மாதத்தில் பழைய சம்பளத்தைத் தாண்டிவிடும், அக்டோபரில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. வருடத்துக்குச் சேர்த்துப் பார்த்தால்தான் சமமாகத் தெரியும். மாதச் சம்பளத்துக்குப் பழகிய வீட்டில் இதைப் புரியவைப்பது பிரஷ் பிடிக்கப் பழகுவதைவிடக் கஷ்டம். என் மனைவியிடம் நோட்டைக் கொடுத்துவிட்டேன். படகுக் கூலி வரவில் பாதியை அவள் தனியாக எடுத்து வைத்துவிடுவாள், நான் கேட்டாலும் கிடைக்காது.

வேலை பிடிப்பதற்கு விளம்பரம் எதுவும் செய்யவில்லை. எழுதி முடித்த ஒவ்வொரு ஷட்டரின் கீழ்மூலையிலும் சின்னதாக என் போன் நம்பர். படகில் போடுவதில்லை, அது அவர்கள் சொத்து, அங்கே என் நம்பருக்கு இடமில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எழுதுவதற்கு முன் இருந்த தளத்தையும் எழுதிய பிறகும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். எழுத்தைப் பார்த்து வருகிறவர்களைவிட, சுரண்டிக் கழுவிய சுவரைப் பார்த்து வருகிறவர்கள்தான் பேரம் பேசாமல் வேலை கொடுக்கிறார்கள்.

தம்பிமாரில் யாராவது உண்மையிலேயே பழக வேண்டும் என்றால் ஏப்ரல் 15க்குப் பிறகு சின்னமுட்டம் வாருங்கள். முதல் இரண்டு வாரம் கழுவுவதும் தேய்ப்பதும்தான் கிடைக்கும், கூலி தருகிறேன். பிரஷ் நீங்களே வாங்கி வாருங்கள். என் பிரஷை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.